ஓட்டம் எங்களுடையது, பணம் அவர்களுடையது



"ஏழைக்குக் கொடுக்க வேண்டுமென்றால் கொடுத்துவிட்டுப் போகலாமே, அதற்காக 42 கிலோமீட்டர் ஓடுவானேன்?"

எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பதினொரு பேர் சென்ற ஆகஸ்டில், ஜனவரி மாதச் சென்னை மாரத்தானுக்குப் பயிற்சி தொடங்கினோம். அன்று முதல் இக்கேள்வி எங்கள் செவிகளுக்குப் பழகிவிட்டது. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஏழைகளுக்கு நிதி திரட்டுவது எங்கள் நோக்கம். கேட்டவர்களுள் சிலர் மெய்யாகவே விளக்கம் நாடினர். அவர்களுக்கு உரிய மதிப்போடு விடையளித்தோம். பெரும்பாலோருக்கோ விடை தேவைப்படவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு, நிதிப் பட்டியலில் பெயரெழுதாமல் நகர்ந்துவிட அது வசதியாக இருந்தது. அவர்களுக்காகவும், அவர்களது பேச்சைக் கேட்டுத் தயங்கி நின்ற குடும்பங்களுக்காகவும் இதனை எழுதுகிறோம். சற்றுக் கடுமையாகவே எழுதுகிறோம்.

ஓடாமலும் கொடுக்கலாம் என்பதை யார் மறுத்தார்? பள்ளிவாசலின் பைத்துல்மால் பெட்டி ஆண்டு முழுவதும் அதே இடத்தில்தான் இருக்கிறது. எங்கள் ஓட்டம் அப்பெட்டிக்குப் போகும் வழியை அடைத்துவிடவில்லை. ஆனால் 'நான் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன், ஆகவே உங்கள் ஓட்டம் தேவையற்றது' என்று கூறி எங்களை மறுத்தவர் ஒருவரையும் இந்த ஐந்து மாதங்களில் நாங்கள் சந்திக்கவில்லை. தவறாமல் கொடுப்பவர்களோ எங்களிடம் கேள்வியே கேட்கவில்லை. எவ்வளவு என்று மட்டும் கேட்டார்கள்.

மனிதர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் கொடுக்கிறார்கள். இதனை நமக்குக் கற்பிக்க மேலைநாட்டு மாரத்தான் அமைப்புகள் தேவையில்லை. முளர் கோத்திரத்தார் உடுக்க உடையின்றி மதீனா வந்தபோது நபி (ஸல்) அவர்களின் திருமுகம் வாடியதையும், அவர்கள் மக்களைத் தர்மம் செய்யத் தூண்டியதையும், அன்ஸாரிகளில் ஒருவர் கை தாங்காத அளவுக்குக் கனத்த பணப்பையைச் சுமந்து வந்ததையும், அவரைக் கண்டு ஏனையோர் தொடர்ந்து வர உணவும் உடையும் இரு குவியல்களாக எழுந்ததையும் ஸஹீஹ் முஸ்லிமில் படிக்கிறோம். முதலில் கொண்டு வந்தவர் எல்லோர் கண்ணெதிரேதான் கொண்டு வந்தார். நல்லதொன்றைத் தொடங்கி வைப்பவருக்கு, பின்தொடர்வோரின் நன்மையிலும் பங்குண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தது அந்த வேளையில்தான். அல்பகரா அத்தியாயத்தின் 271ஆம் வசனமும் வெளிப்படையாகக் கொடுப்பதை நன்று என்கிறது. ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பதை அதனினும் மேல் என்கிறது. மேலானதைச் சுட்டிக்காட்டி நல்லதைத் தடுப்பவர், அந்த மேலானதையாவது செய்கிறாரா என்று தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

முகஸ்துதி என்னும் குற்றச்சாட்டை நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை. மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவரில் பிறர் புகழ வேண்டிக் கொடுத்த கொடையாளியும் ஒருவர் என்ற ஹதீஸை அறிந்த எவருக்கும், கழுத்தில் பதக்கத்தோடு படமெடுத்துக்கொள்ளும்போது உள்ளூர ஓர் அச்சம் வர வேண்டும். எங்களுக்கும் வந்தது, வந்தும் படமெடுத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் நிய்யத்தை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. எங்கள் உள்ளத்தைப் பிளந்து பார்த்தவரைப் போலத் தேநீர்க்கடையில் அமர்ந்து தீர்ப்பு எழுதும் உரிமையை இவர்களுக்கு யார் வழங்கினார்? திருமண மண்டபத்தில் ஆயிரம் பேருக்குப் பிரியாணி போட்டு, வாசலில் பதாகை கட்டி, மேடையில் பொன்னாடை வாங்கிக்கொள்ளும்போது மட்டும் இவர்களுக்கு முகஸ்துதி நினைவுக்கு வருவதில்லை.

எங்கள்மீது வைக்கத் தக்க உண்மையான குற்றச்சாட்டு ஒன்று இருந்தது. ஏளனம் செய்தவர் எவருக்கும் அது தோன்றவில்லை. மஹல்லாவின் மூதாட்டி ஒருவர்தான் அதனைக் கேட்டார். நிதி திரட்டத் தொடங்கிய முதல் மாதம், வசூலான தொகையிலிருந்தே எங்கள் பதிவுக் கட்டணத்தையும் ஒரே நிறச் சட்டைகளுக்கான செலவையும் எடுத்திருந்தோம். 'ஓடுகிறவர்கள் இல்லையென்றால் இந்தப் பணமே வந்திருக்காது, ஆகவே இது நிர்வாகச் செலவு' என்று எங்களுக்குள் நியாயம் பேசிக்கொண்டோம். எங்களில் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் அதை வசூலிப்போரும் அடங்குவர் என்று வாதிட்டார். அந்த அம்மையார் கணக்குத் தாளை வாங்கி வரிவரியாகப் படித்துவிட்டு, "வாப்பா, நான் கொடுத்த இருநூறு ரூபாயில் நோயாளிக்குப் போனது எவ்வளவு, உன் சட்டைக்குப் போனது எவ்வளவு?" என்றார்.

எங்களில் ஒருவருக்கும் அதற்கு மறுமொழி இல்லை. அன்று இரவே கட்டணத்தையும் சட்டைச் செலவையும் ஆளுக்கொரு பங்காகக் கையிலிருந்து திருப்பிச் செலுத்தினோம். ஜகாத் என்று குறித்துக் கொடுக்கப்பட்ட தொகையைத் தனியே பிரித்து, ஹஜ்ரத்திடம் ஒப்படைத்தோம். பெறத் தகுதியுள்ளவருக்கே அது உடைமையாகப் போய்ச் சேர வேண்டும். ஓட்டக் குழுவின் கணக்கில் தங்கியிருக்க அதற்கு வழியில்லை. அல்லாஹ்வே எண்ணிக் குறித்த எட்டுப் பிரிவுகளில் மாரத்தான் ஓடுபவர் இல்லை.

இப்பிழை எங்களோடு முடிந்துவிடுவதன்று. லண்டன் மாரத்தானில் அறநிறுவனங்கள் ஓட்ட இடங்களை விலைக்கு வாங்கி, குறிப்பிட்ட தொகையைத் திரட்டுவதாக உறுதியளிப்போருக்கு வழங்குகின்றன. திரட்டிய தொகையில் அந்த இடத்தின் விலையும் அடங்கிவிடும். அதிலாவது எஞ்சுவது பெரிது. கிளிமஞ்சாரோ போன்ற மலையேற்றப் பயணங்களில் ஏறுபவரின் பயணச் செலவையே நன்கொடையிலிருந்து கழித்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. ஏழையின் பெயரால் பணம் கேட்டு, அதில் ஒரு பகுதியில் ஆப்பிரிக்கா பார்த்துவிட்டு வருவதை என்னவென்று சொல்வது? பிரிட்டனிலும் வளைகுடாவிலும் வாழும் நம் பிள்ளைகளிடம் இத்தகைய அழைப்புகள் வரும்போது பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது அந்த மூதாட்டியின் கேள்வியைத்தான்.

இன்னொரு பழக்கமும் எங்களுக்கு உவப்பில்லை. உடலை வருத்தினால்தான் ஸதகாவுக்கு மதிப்பு என்பது போன்ற பேச்சு அது. கால்நகம் கழன்ற படத்தையும், எல்லைக்கோட்டில் மயங்கி விழுந்த படத்தையும் போட்டு இரக்கத்தால் காசு கேட்கிறார்கள். இரு புதல்வர்கள் தாங்கிப் பிடிக்கத் தள்ளாடி நடந்துகொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, நடந்தே செல்வதாக அவர் நேர்ச்சை செய்திருப்பதாகக் கூறப்பட்டது. இம்மனிதர் தம்மை இவ்வாறு வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையற்றது என்று கூறி, வாகனத்தில் ஏறிச் செல்லப் பணித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி இது. எங்கள் குழுவில் முழங்கால் வலியால் நவம்பரில் நின்றுவிட்ட சகோதரர் ஒருவர், "காசு கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வேன்?" என்று கலங்கினார். கொடுத்தவர்கள் அவரது முழங்காலை விலைக்கு வாங்கவில்லை என்று அவருக்குச் சொன்னோம். அவர் ஓடவில்லை, அவர் திரட்டிய தொகை ஒரு ரூபாய் குறையாமல் நோயாளிகளுக்குச் சேர்ந்தது.

அப்படியானால் ஓட்டம் எதற்கு என்ற கேள்வி மீண்டும் எழும். எங்களுக்காக. ஒளிக்காமல் சொல்வதானால் அதுதான் விடை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவு உடையோர் என மதிப்பிட்டது. சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மைக் காரணங்களில் நீரிழிவு முன்னிற்கிறது. இதற்கு ஆய்வுத் தாளும் வேண்டியதில்லை. நம் வீட்டு விருந்தில் நெய்ச்சோற்றுத் தட்டுக்கு அருகே வரிசையாக வைக்கப்படும் மாத்திரைப் பட்டைகளைப் பார்த்தால் போதும். காலை இடியாப்பம் முதல் இரவுப் புரோட்டா வரை அமர்ந்தே உண்டு, அமர்ந்தே வணிகம் செய்து, இருநூறு அடி தொலைவிலுள்ள பள்ளிவாசலுக்கும் ஸ்கூட்டரில் வரும் நாம், டயாலிசிஸ் நோயாளிக்காகத் துஆ கேட்கிறோம். நாளை அந்தப் படுக்கையில் யார் படுப்பார் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. வலிமையுள்ள இறைநம்பிக்கையாளர் வலிமை குன்றியவரைவிடச் சிறந்தவர், இருவரிடமும் நன்மை உண்டு என்ற நபிமொழியைச் சொற்பொழிவில் கேட்டுத் தலையசைத்துவிட்டு, எழுந்து நடப்பவரைப் பார்த்து நகைக்கிறோம்.

டயாலிசிஸ் என்றால் வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கு வழியுண்டு என்பது உண்மையே. ஆனால் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோக் கட்டணம், உடன் வருபவர் இழக்கும் நாட்கூலி, வெளியே வாங்கச் சொல்லும் ஊசி மருந்துகள் ஆகியவற்றில்தான் குடும்பங்கள் சரிகின்றன. நாங்கள் திரட்டிய தொகை பெரும்பாலும் ஆட்டோவுக்கே போயிற்று. மேடையில் சொன்னால் எடுப்பாக இராது; ஆயினும் வாரத்தில் மூன்று நாள் யாரிடமும் கையேந்தாமல் ஆட்டோ ஏறுவது எத்தகைய விடுதலை என்பதை அந்தக் குடும்பத்தார் அறிவர்.

எங்கள் பதினொருவரில் நால்வர் பெண்கள். இதற்காக எழுந்த சொற்களை இங்கே எழுத எங்களுக்கு மனமில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்ததும், அன்னையார் முந்தியதும், பின்னர் அன்னையாரின் உடல் பருத்த காலத்தில் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்தி, அன்றைக்கு இது ஈடு என்று சொன்னதும் அபூதாவூதில் உள்ளன. மக்கள் பார்வைக்கு அப்பால் நடந்த ஓட்டம் அது என்று உடனே ஒருவர் சொல்வார். சரி, பார்வைக்கு அப்பால் ஓடுவதற்கு நம் சகோதரிகளுக்கு ஓர் இடத்தை நாம் அமைத்துக் கொடுத்தோமா? ஜமாஅத்துக்குச் சொந்தமான மதில் சூழ்ந்த மைதானம் மாலையில் பூட்டியே கிடக்கிறது. அதன் சாவியைக் காலை ஒரு மணி நேரம் கேட்டு இரண்டு முறை விண்ணப்பம் கொடுத்தோம். மறுமொழி வரவில்லை. ஆகவே அவர்கள் முழு உடை மறைவோடு, தந்தையோ கணவனோ சகோதரனோ உடன் வர, விடியலின் பின் கடற்கரையில் ஓடினார்கள். வழியைப் பூட்டிவிட்டு வழிமாறியதாகக் குற்றம் சாட்டுவது எந்த நீதி?

எத்தியோப்பியாவில் பிறந்து நெதர்லாந்துக்காக ஓடும் சிஃபான் ஹசனை நம் பெண்பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள். 2023 ஏப்ரல் 23 அன்று, பெருநாள் முடிந்த சூட்டோடு, தம் முதல் மாரத்தானை லண்டனில் ஓடினார். முந்தைய வாரங்கள் ரமளானில் கழிந்தன. நோன்போடு பயிற்சி செய்தார். பாதி வழியில் இடுப்பு வலிக்க, நின்று கால் நீட்டித் தளர்த்திக்கொண்டு, பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு வந்து வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், பிரான்ஸ் தன் சொந்த வீராங்கனைகளுக்கு ஹிஜாபை மறுத்த அதே ஒலிம்பிக்கில், மாரத்தான் தங்கத்தை ஹிஜாப் அணிந்தே பெற்றுக்கொண்டார். ஓட்டக்களத்தில் அவர் உடுத்தும் உடையை நாங்கள் முன்மாதிரியாகக் காட்டவில்லை. நோன்பையும் ஓட்டத்தையும் ஒன்றுக்கொன்று பகையாக்குவோருக்கே இதைச் சொல்கிறோம். (நம்மில் சாதாரணமானவர் ரமளானில் அவரைப் போல முயல வேண்டியதில்லை. நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன் அரைமணி மெல்லோட்டம் போதும். நீண்ட ஓட்டங்களைப் பெருநாளுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.)

தொழுகையைப் பற்றி எவரும் எங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். சென்னை மாரத்தானின் முழு ஓட்டம் இருட்டிலேயே தொடங்கிவிடுகிறது. சுப்ஹுடைய நேரம் நுழைவதும் முடிவதும் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிகழ்கின்றன. மாதக்கணக்கில் உழைத்து எட்டிய வேகத்தை விட்டு நிற்க எவர் மனமும் எளிதில் இடங்கொடாது. நாங்கள் புறப்படும் முன்பே முடிவு செய்திருந்தோம். கையில் கொண்டுபோன தண்ணீரில் உளூச் செய்து, சாலையோரம் இருவர் இருவராக நின்று தொழுதோம். ஏழு நிமிடம் கழிந்தது. எங்களைக் கடந்து சென்ற மாற்றுச் சமயச் சகோதரர் ஒருவர், ஏதோ அடிபட்டுவிட்டது என்றெண்ணி நின்று விசாரித்தார். இல்லை என்றறிந்ததும் தம் தண்ணீர்ப் புட்டியை அருகில் வைத்துவிட்டு ஓடிப்போனார். அவர் பெயரைக் கேட்கத் தவறிவிட்டோம்.

அடுத்த ஆகஸ்டில் மீண்டும் தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ். பதிவுக் கட்டணமும் காலணியும் சட்டையும் அவரவர் செலவு. ஜகாத்தை எங்களிடம் தர வேண்டாம். ஹஜ்ரத்திடம் நேரே தாருங்கள். ஸதகா மட்டும் ஏற்போம். வரவும் செலவும் மாதந்தோறும் முதல் ஜும்ஆ அன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். கணக்கைச் சரிபார்க்க அந்த மூதாட்டியையே கேட்டிருக்கிறோம், கண்ணாடி மாற்றியதும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். மைதானச் சாவிக்கான மூன்றாவது விண்ணப்பத்தையும் நேற்றுக் கொடுத்துவிட்டோம்.