விளக்கெண்ணெயும் விளக்கு எண்ணெயும் ஒன்றல்ல



கார்த்திகை பிறந்தால் நமது கடைகளில் தீப எண்ணெய்க்குத் தனிக் கிராக்கி உண்டாகிறது. திருஞானசம்பந்தர் பாடிய தலமான நமது மாகறலிலும், கோயில் நகரமாகிய காஞ்சிபுரத்திலும், நெசவாளர் வீடுகளிலும் மாலை நேரத்தில் அகல் ஏற்றாத வாசலைக் காண்பது அரிது. அதே நாட்களில்தான் ஒரு புகாரும் கடைக்கு வருகிறது. "அண்ணாச்சி, போன தடவை வாங்கின எண்ணெய் திரியில் ஏறவே இல்லை, திரிதான் கருகுது" என்று பாட்டிலோடு வந்து நிற்கிறார்கள். அதற்கு நாம் என்ன பதில் சொல்கிறோம், என்ன செய்கிறோம் என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

ஏன் ஏறுவதில்லை?

திரி என்பது ஒரு நுண்ணிய குழாய்க் கூட்டம். பஞ்சு இழைகளுக்கு இடையே உள்ள சந்துகளின் வழியாக எண்ணெய் தானாக மேலேறுகிறது. எந்த எண்ணெயும் ஏறும். ஏறும் வேகத்தில்தான் வேறுபாடு. அறை வெப்பத்தில் விளக்கெண்ணெய், அதாவது ஆமணக்கெண்ணெய், நல்லெண்ணெயைக் காட்டிலும் ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டியானது. சுடர் எரிக்கும் வேகத்துக்கு எண்ணெய் வந்து சேராவிட்டால், எரிய வேண்டிய எண்ணெய்க்குப் பதிலாகத் திரியே எரிகிறது. நுனியில் கரி கட்டுகிறது, புகை வருகிறது, விளக்கு அணைகிறது.

கெட்டித்தன்மை மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. தெளியவைக்காத எண்ணெயில் உள்ள கசடு திரியின் சந்துகளை அடைத்துவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்குவதால் மார்கழி விடியற்காலையில் ஏற மறுக்கும். முறுக்கு இறுகிய திரியும், ஈரம் கோத்த திரியும் நல்ல எண்ணெயையே கெட்ட எண்ணெயாகக் காட்டும். ஆகவே பாட்டிலோடு வரும் வாடிக்கையாளரிடம் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என்ன திரி போட்டீங்க?" என்பதே. சற்றுத் தளர்வாகத் திரித்த பஞ்சுத் திரியை, ஏற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்னதாக எண்ணெயில் ஊறவைக்கச் சொன்னாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

எதைக் கலக்கலாம்?

கெட்டி எண்ணெயை இளக்குவது ஒன்றும் புதுமையல்ல. முக்கூட்டு எண்ணெய், ஐங்கூட்டு எண்ணெய் என்று நமது முன்னோர் விளக்குக்குக் கூட்டியதும் இந்தக் கணக்கில்தான் அடங்கும். விளக்கெண்ணெய் நிதானமாக எரியும், ஆனால் மெதுவாக ஏறும். நல்லெண்ணெய் எளிதில் ஏறும். ஒரு பங்கு விளக்கெண்ணெயோடு மூன்று பங்கு நல்லெண்ணெய் சேர்த்தால் கெட்டித்தன்மை பெருமளவு குறைந்து, சுடர் சீராக நிற்கும். இரண்டும் தாவர எண்ணெய்கள், நன்றாக ஒன்று சேரும், பிரிந்து நிற்காது. இப்படிக் கலப்பதில் குற்றம் ஏதும் இல்லை. என்ன கலந்தது, எவ்வளவு கலந்தது என்று சொல்லி விற்றால் அது ஒரு நல்ல சரக்கு.

ஆனால் இளக்குவதற்கு மண்ணெண்ணெயைத் தொடவே கூடாது. தாவர எண்ணெய் தீப்பற்ற 200 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். மண்ணெண்ணெயின் ஆவியோ சுமார் 40 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடியது. மூடியும் கண்ணாடியும் உள்ள அரிக்கேன் விளக்குக்கு உரிய எரிபொருளைத் திறந்த அகலில் ஊற்றினால், திரியோடு நில்லாமல் அகல் முழுவதும் தீப்பிடிக்கும். தறியும் பட்டு நூலும் நிறைந்த வீடுகளுக்கு நாம் விற்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. அல்லாமல், விளக்கெண்ணெய் இந்தக் கனிம எண்ணெய் இனத்தோடு எளிதில் ஒன்றுவதும் இல்லை. கலக்கி வைத்தாலும் பிரிந்து நிற்கும். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் இட்டிருப்பதே அதை வேறு வழியில் திருப்பக் கூடாது என்பதற்காகத்தான்.

மணமில்லாத திரவப் பாரபின் எண்ணெயைத் தீப எண்ணெய் என்று விற்பதும் உண்டு. அது திரியில் நன்றாக ஏறும், எரியும். அதைத் தெரிந்தே விரும்பி வாங்குபவருக்கு விற்கலாம். ஆனால் பாட்டிலின் மேல் எள் படமும் தென்னை மரப் படமும் போட்டு, உள்ளே பாரபினை வைத்து விற்பது வியாபாரமல்ல, வஞ்சனை.

பெயரில் இருக்கும் ஆபத்து

இனிச் சொல்லப்போவதே என் முக்கியக் கவலை. தமிழில் ஆமணக்கெண்ணெயின் பெயரே விளக்கெண்ணெய். ஒரு காலத்தில் விளக்குக்கு அதுவே எண்ணெயாக இருந்ததால் வந்த பெயர் அது. அதே எண்ணெயைத்தான் வயிற்றைச் சுத்தம் செய்யவும், உடல் சூட்டுக்கும் வீட்டுப் பெரியவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். இன்று கடைத் தட்டில் இருப்பதோ பல வகை "விளக்கு எண்ணெய்". அவற்றில் சிலவற்றில் பாரபினும், சாயமும், செயற்கை வாசனையும் இருக்கின்றன. ஒரு மூதாட்டி வந்து "விளக்கெண்ணெய் ஒரு பாட்டில் குடு தம்பி" என்று கேட்டால், கடைப் பையன் எதை எடுத்துக் கொடுக்கிறான்? காதில் விழுவதென்னவோ ஒரே சொல்தான். கொடுக்கும் பொருள் தவறினால், அகலுக்குப் போக வேண்டியது வயிற்றுக்குப் போய்விடும்.

ஓரிடத்தில் தீங்கில்லாத பொருள் வேறோர் இடத்தில் உயிரைப் பறிக்கும் என்பதற்கு அமெரிக்காவில் 2019-ல் நடந்தது ஒரு பாடம். மின் சிகரெட்டிலும் பஞ்சுத் திரிதான் திரவத்தை உறிஞ்சுகிறது; கெட்டியான கிளிசரின் ஏறாமல் அடைத்துக்கொள்ளும் தொல்லை அங்கும் உண்டு. அங்கே, கஞ்சாச் சத்துக் கலந்த திரவங்களில் வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருளைக் கலந்து விற்றார்கள். உண்ணும் மாத்திரையில் அது தீங்கற்றது. ஆவியாக நுரையீரலுக்குள் போனபோது நிலைமை வேறு. 2020 பிப்ரவரி மாதத்துக்குள் 2,800-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் 68 பேர் இறந்தார்கள். அந்தச் சரக்கு நமது நாட்டில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி முற்றிலும் தடை செய்யப்பட்டது. விற்றால் முதல் முறையே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தாலும் தண்டனை உண்டு. கவர்ச்சியான லாபம் காட்டி யாரேனும் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நமது நாட்டு அனுபவமும் இதற்குக் குறைந்ததல்ல. 1998-ல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்ததால் நீர்வீக்க நோய் பரவி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகுதான் சமையல் எண்ணெயைச் சில்லறையில் அளந்து ஊற்றி விற்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. கலந்தவர் எங்கோ இருந்தார். பழி சுமந்தது எண்ணெய் வியாபாரம் முழுவதும்.

"நாங்கள் வாங்கி விற்பவர்கள்தானே?"

இப்படிக் கேட்கும் அன்பர்கள் உண்டு. கேள்வியில் நியாயமும் உண்டு. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று சோதித்துப் பார்க்கச் சிறிய கடைக்காரரிடம் கருவி ஏது? ஆனால் சட்டம் அவ்வளவோடு விட்டுவிடவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்பவர் ஒரு பொருளில் மாற்றம் செய்து அதனால் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு அவருடையது. தயாரித்தவர் யார் என்று தெரியாத பொருளை விற்றாலும் அவருக்குப் பொறுப்பு வந்து சேரும். ஆகவே கடையின் பின்பக்கத்தில் டின்னைத் திறந்து எதையாவது ஊற்றிக் கலக்குபவர், அந்தக் கணமே தமது தலையில் சுமையை ஏற்றிக்கொள்கிறார். பில் இல்லாமல், பெயர் இல்லாமல் வரும் டின்னை வாங்குபவர் நிலையும் அதுதான்.

நமக்கு இது புதிய ஒழுக்கம் அல்ல. சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தவர்கள், விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு, நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்று கணக்கைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். பொருள் என்ன, அளவு என்ன, பொறுப்பு யாருடையது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இன்று லேபிளில் நாம் கேட்பதும் அவ்வளவுதான்.

சங்கம் செய்ய வேண்டியது

நமது சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம் என்பது என் கருத்து.

1. தீப எண்ணெயைச் சமையல் எண்ணெய்த் தட்டில் வைக்காமல், பூஜைச் சாமான்களோடு தனியாக வைப்பது.

2. தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இல்லாத பாட்டிலைக் கொள்முதல் செய்யாதிருப்பது.

3. என்னென்ன எண்ணெய், என்ன விகிதம், உண்ணத் தகாதது என்ற விவரங்களைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிடும்படி மொத்த வியாபாரிகள் மூலம் தயாரிப்பாளர்களை வற்புறுத்துவது. பாமாயில் கலந்தால் பாமாயில் என்றே எழுதட்டும்.

4. விளக்கெண்ணெய் கேட்டு வருபவரிடம் "விளக்கு ஏற்றவா, மருந்துக்கா?" என்று கேட்காமல் எடுத்துக் கொடுப்பதில்லை என்று கடை ஊழியர்களைப் பழக்குவது. மருந்துக்கென்றால் மருந்துக் கடைக்கு அனுப்பிவிடுவது.

5. கடையில் எண்ணெய் கலப்பதை அறவே நிறுத்துவது. இளக்கிய எண்ணெய் வேண்டுவோருக்கு விளக்கெண்ணெயையும் நல்லெண்ணெயையும் தனித்தனியாக விற்று, விகிதத்தைச் சொல்லிக் கொடுப்பது. இரண்டு பாட்டில் விற்ற லாபமும் நமக்கே.

இவற்றுள் எதற்கும் பெரிய செலவு இல்லை. ஒரு தட்டை மாற்றி அடுக்க வேண்டும், ஒரு கேள்வி கேட்க வேண்டும், ஒரு பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும். பெரிய அங்காடிகள் விலையில் நம்மோடு போட்டியிடலாம், "என்ன திரி போட்டீங்க?" என்று கேட்டு விற்பதில் போட்டியிட முடியாது. கார்த்திகைச் சரக்கு வந்து இறங்குவதற்கு முன்பே உறுப்பினர்கள் இதைப் பற்றிக் கலந்து பேசி முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.