எடை குறைப்பு ஆபரேஷன்: வருஷங்கள் கழித்து வரும் பாதிப்புக்கு டாக்டர் மேல் வழக்கு போட முடியுமா?

உடல் எடையைக் குறைக்க ஆபரேஷன் செய்து மூணு வருஷம் ஆகிறது. எடையும் குறைந்துவிட்டது. ஆனால் இப்போது கை, கால் மரத்துப்போகிறது, படுத்தால் நெஞ்சு எரிகிறது. அப்போ டாக்டர் மேல்தான் தப்பா?

பாதிப்பு வந்துவிட்டது என்பது மட்டுமே மருத்துவ அலட்சியம் ஆகாது. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். சராசரித் திறமையுள்ள ஒரு டாக்டர் காட்டும் கவனத்தை இவரும் காட்டினாரா என்றுதான் பார்க்க வேண்டும்.

முன்கூட்டியே சொன்னார்களா?

ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் சுமார் 75 முதல் 80 சதவீதம் வெட்டி எடுக்கப்படுகிறது. பைபாஸில் உணவு சிறுகுடலின் ஆரம்பப் பகுதிக்குள் போகாமலே கடந்துவிடும். அதனால் பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி குறைய வாய்ப்பு அதிகம். மரத்துப்போவதற்கு பி12 குறைபாடு ஒரு காரணமாக இருக்கலாம். சத்து மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும்.

வழக்கின் முக்கியப் புள்ளியே இங்குதான். அபூர்வமான ஆபத்துகளை எல்லாம் டாக்டர் பட்டியல் போட வேண்டியதில்லை என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் சத்துக்குறைபாடு அபூர்வமானது இல்லையே! அதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கியிருந்தாலோ, பின்தொடர் சிகிச்சைக்கு வழிகாட்டாமல் விட்டிருந்தாலோ நோயாளியின் வாதம் வலுவாகும். அதேபோல, சொன்ன மாத்திரையைப் போடாமல், பரிசோதனைக்கும் போகாமல் இருந்தவருக்கு வழக்கு பலவீனம்தான்.

ரெண்டு வருஷக் கெடு

நுகர்வோர் ஆணையத்தில் ரெண்டு வருஷத்துக்குள் புகார் தர வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஆணையம் ஏற்கலாம். வெளியே தெரியாத பாதிப்பு என்றால், அது தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடலாம். ஆனால் வலி வந்தும் சும்மா இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. பித்தப்பை ஆபரேஷனில் வயிற்றுக்குள் துணி விடப்பட்ட ஒரு நர்ஸ், ஒன்பது வருஷம் வலியோடு இருந்தும் மறுபடி டாக்டரிடம் காட்டவில்லை. அவருடைய புகாரை 2010-ல் உச்ச நீதிமன்றம் காலாவதி என்றே தள்ளிவிட்டது.

இன்னொரு சிக்கல் ஆவணங்கள். 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளி ஆவணங்களை மூணு வருஷம் வைத்திருந்தால் போதும். பாதிப்பு அதற்குப் பிறகும் வரலாம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது.