எந்தக் கார் என்று கேட்டீர்களா?

பெருநாள் விடுமுறையோ பாடசாலை விடுமுறையோ நெருங்கிவிட்டால் எங்கள் கடையில் ஒரு கேள்வி தவறாமல் வரும். “நானா, கார்ல சைக்கிள் கட்டிக்கொண்டு போற ரெக் இருக்கா?” என்பதே அது. 2022ஆம் ஆண்டு எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்ற காலத்தில் சைக்கிள் வாங்கியவர்கள் ஏராளம். வரிசைகள் போய்விட்டன, சைக்கிள்கள் வீடுகளில் இருக்கின்றன. தூரப் பயணம் போகும்போது பிள்ளைகள் அவற்றை விட்டுவிட்டு வர மறுக்கிறார்கள். இதனால் நமக்கும் ஒரு புதிய வியாபாரம் கிடைத்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் இந்த வியாபாரத்தில் நான் விட்ட ஒரு பிழையை வியாபாரச் சகோதரர்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம். கடையில் நிற்க இடமில்லை. ஓர் இளைஞர் வந்து ரெக் கேட்டார். “எத்தனை சைக்கிள் தம்பி?” என்றேன். “மூன்று” என்றார். மூன்று சைக்கிள் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருந்த, டிக்கிக் கதவில் பெல்ட் போட்டுக் கட்டும் ரெக் ஒன்றை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கினேன். ஒரு நிமிடத்தில் வியாபாரம் முடிந்தது.

அவர் குடும்பத்துடன் கொழும்பிலிருந்து பொத்துவிலுக்குப் புறப்பட்டிருக்கிறார். இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாக முன்னூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். மொனராகலை தாண்டிய பின் ஒரு பெல்ட் தளர்ந்து, கடைசியாகக் கட்டியிருந்த சைக்கிள் நடுவீதியில் விழுந்துவிட்டது. பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு தகப்பனும் பிள்ளையும். அவர் வெட்டித் திருப்பியதில் இருவரும் வீதியோரப் புல்லில் போய் விழுந்தார்கள். சிராய்ப்புக் காயங்களோடு போயிற்று. அல்லாஹ் காப்பாற்றினான்.

பெருநாள் முடிந்து அந்த இளைஞர் கடைக்கு வந்தார். சண்டை பிடிக்கவில்லை, காசைத் திருப்பிக் கேட்கவுமில்லை. “நானா, என்ன கார் என்டு நீங்க கேக்கவே இல்லையே” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவருடையது ஒரு சிறிய ஜப்பான் கார். பின்கதவின் மேல் விளிம்பில் பிளாஸ்டிக் ஸ்பொய்லர் இருக்கிறது. கொழுக்கியை அதில்தான் மாட்டியிருக்கிறார். பிளாஸ்டிக் வளைந்து வெடிக்க, பெல்ட் தளர்ந்திருக்கிறது. ரெக்கும் நல்லது, காரும் நல்லது. ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று கேட்காமல் விற்றவன் நான். காசைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தத் தகப்பனும் பிள்ளையும் மட்டும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகுதான் இந்தப் பொருளைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். சந்தையில் உள்ளவை பிரதானமாக மூன்று வகை. ஒன்று, டிக்கியில் பெல்டால் கட்டுவது. விலை குறைவு, கழற்றி வைக்க வசதி. இரண்டாவது, ஹூட் ரெக்கின் மேல் பூட்டுவது. மூன்றாவது, காரின் பின்னால் உள்ள இழுவைக் கொக்கியில் மாட்டுவது. மூன்றாவதே ஏற்றி இறக்க இலகுவானதும் உறுதியானதும். ஆனால் நம் நாட்டுக் கார்களில் இழுவைக் கொக்கி காண்பது அரிது. ஆகவே பெரும்பாலும் முதலிரண்டில் ஒன்றைத்தான் நாம் விற்கிறோம்.

பெல்ட் ரெக் கேட்பவரிடம் பின்கதவைப் பற்றிக் கேட்க வேண்டும். கொழுக்கி தகட்டு விளிம்பில் மாட்ட வேண்டும், கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ அல்ல. 2020 முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், நம் வீதிகளில் ஓடும் கார்களில் வயது சென்றவை அதிகம். பின்கதவு துருப்பிடித்து, டிங்கர் வேலை செய்து பூசப்பட்டிருந்தால் அந்த விளிம்பையும் நம்ப முடியாது.

அடுத்தது அகலம். ஜப்பானின் சிறு ரகக் கார்கள் 1.48 மீற்றர் அகலத்தைத் தாண்டக்கூடாது என்பது அந்நாட்டு விதி. வெகன் ஆர் இந்த ரகம். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளின் நீளமோ 1.75 மீற்றர் அளவில் வரும். குறுக்காகக் கட்டினால் இரு பக்கமும் ஏறக்குறைய 13 சென்ரிமீற்றர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காரோட்டிக்கு அது தெரியாது. குறுகிய பாலத்தில் எதிரே பஸ் வரும்போதுதான் தெரியவரும். பின் லைட்டும் சிக்னலும் நம்பர் பிளேட்டும் மறைகின்றனவா, சைக்கிள் ரயர் சைலன்சர் வாய்க்கு நேரே வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சூட்டில் ரயர் உருகிவிடும்.

ஹூட் ரெக் கேட்பவரிடம் பாரத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். காரின் கூரை எத்தனை கிலோ தாங்கும் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். அந்தக் கணக்கில் ரெக்கின் பாரமும் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சைக்கிள் ஒன்று 15 கிலோ என்றால் மூன்றுக்கு 45. குறுக்குக் கம்பிகளும் மூன்று தாங்கிகளும் 15 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 60. கையேட்டில் 50 என்றிருந்தால் மூன்றாவது சைக்கிளுக்கு இடமில்லை. உயரமும் உண்டு. வெகன் ஆர் 1.65 மீற்றர். அதன் மேல் சைக்கிளை நிறுத்தினால் 2.7 மீற்றரைத் தாண்டும். வீட்டுப் போர்ச்சுக்குள்ளும் கடைத்தொகுதியின் கீழ்த்தளத் தரிப்பிடத்துக்குள்ளும் மறந்துபோய் நுழைந்தால் சைக்கிளும் கூரையும் சேர்ந்தே போகும். காற்றும் பிடிக்கும், எண்ணெய்ச் செலவும் கூடும். அதிவேகப் பாதையில் 100 வரை அனுமதி இருந்தாலும் 80இல் போவதே புத்தி.

எந்த ரெக் ஆனாலும் புறப்பட்டு இருபது கிலோமீற்றரில் ஒருமுறை நிறுத்தி இறுக்கிப் பார்க்க வேண்டும். பிறகு தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் நிறுத்தும் ஒவ்வோர் இடத்திலும் பார்க்க வேண்டும். இதைச் சொல்ல நமக்கு அரை நிமிடம் போதும்.

சிலருக்கு ரெக்கே தேவையில்லை. பின் ஆசனத்தை மடித்து, முன் சில்லைக் கழற்றினால் ஒரு சைக்கிள் உள்ளேயே போய்விடும். அறுகம்பைக்குப் போகிறவருக்கு அங்கேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். இதைச் சொன்னால் அன்றைய வியாபாரம் ஒன்று குறையும்தான். கடந்த விடுமுறையில் இப்படி நான்கு பேரைத் திருப்பி அனுப்பினேன். அவர்களில் இருவர் பிறகு வந்து சைக்கிள் ரயரும் பம்பும் பிள்ளைக்குப் புதுச் சைக்கிளும் வாங்கிப் போனார்கள்.

“நெரிசல் நேரத்தில் இத்தனை கேள்வி கேட்டால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நமக்கும் கடை வாடகை இருக்கிறது, கொடுத்த செக்குகள் இருக்கின்றன. சிலர் போவார்கள், போகட்டும். நான் இப்போது கவுண்டரில் ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். என்ன கார், பின்கதவில் என்ன இருக்கிறது, எத்தனை சைக்கிள், எத்தனை கிலோ, எவ்வளவு தூரம் என்று ஐந்து கேள்விகள். கடைப் பையனே கேட்டுவிடுவான். இரண்டு நிமிடத்துக்கு மேல் போவதில்லை.

மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. மழை பட்டுவிட்டது என்று வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இதை ஜும்ஆவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் உள்ள “மூன்று சைக்கிள்” என்பது காய்ந்த தானியம். எந்தக் காருக்குப் பொருந்தாது என்று உள்ளே சிறிய ஆங்கில எழுத்தில் கிடக்கும் தாள்தான் ஈரம். அதை மேலே எடுத்துக் காட்டுவது யாருடைய பொறுப்பு? பெட்டியைத் திறந்து பார்க்கக் கூடியவர் நாம். வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்த்தான் திறப்பார்.

ரெக் ஓர் உதாரணம்தான். காஸ் ரெகுலேட்டர் விற்பவரும், குழந்தைக்கு ஹெல்மட் விற்பவரும், மின்சார வயர் விற்பவரும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். நாம் கேட்காமல் விட்ட கேள்விக்கு, நம் கடைப்பக்கமே வராத ஒருவர் வீதியில் விலை கொடுக்க நேரலாம். அடுத்த பெருநாள் நெரிசல் தொடங்குமுன் நம் கடையில் உள்ள பெட்டிகளை ஒருமுறை திறந்து, உள்ளே இருக்கும் தாளை வாசிப்போம். நம் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.