வெண்திரைக்கு வகுப்பறையில் இடமில்லையா?

“சினிமாவா? அதைப் பள்ளியிலே பாடமாக வைப்பதா? பிள்ளைகள் குட்டிச்சுவராவதற்கு வேறு வழியே இல்லையா?” என்று கேட்கிறார்கள் கண்ணியவான்கள். கேட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள். மாலை முழுதும் மகனையும் மகளையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு படம் பார்க்கிறார்கள். பார்க்கலாமாம், படிக்கக் கூடாதாம்! பரவசப்படலாமாம், பரிசீலிக்கக் கூடாதாம்!

கல்லூரி வாயிலை மிதித்தவனுக்குக் காட்சித் தொடர்பியல் என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. சென்னைத் தரமணியிலே அரசின் திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. எல்லாம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு! அதற்கு முன்பே, மீசை அரும்பும் வயதிலேயே, கதாநாயகனின் கட்-அவுட்டுக்குப் பால்குடம் தூக்குகிறானே, அந்தத் தம்பிக்கு என்ன இருக்கிறது? கல்லின்மீது பாலை ஊற்றுவது மடமை என்று ஊர்தோறும் மேடை போட்டுச் சொன்னோம். இவன் அட்டையின்மீது ஊற்றுகிறான். அவனைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அந்தக் கூட்டத்திலே நம் வீட்டுப் பிள்ளையும் நிற்கிறான் என்பதை மறந்துவிட்டால்!

பக்திப் படத்திலே ஒளி பளிச்சிடுகிறது, தெய்வம் தோன்றுகிறது, கொட்டகையிலே கைகள் குவிகின்றன. அந்தத் தெய்வம் பிறந்த கதை என்ன? 1896இல் பிரான்சிலே ஜார்ஜ் மெலியே என்ற மேடை வித்தைக்காரர், படப்பெட்டியின் ஓட்டத்தை நிறுத்தினார், எதிரே இருந்த பெண்ணை அகற்றினார், மறுபடி ஓடவிட்டார். மங்கை மாயமானாள்! இவ்வளவுதான் அற்புதம். பதினோராம் வகுப்பு மாணவி கையிலே ஒரு கைப்பேசியைக் கொடுங்கள். அரை மணி நேரத்திலே அவளும் ஒரு தெய்வத்தைத் தோற்றுவிப்பாள். தோற்றுவித்த கை, பிறகு கும்பிடக் குவியுமா?

மாயத்தைவிடக் கொடியது ஒட்டுவேலை. 1920 வாக்கில் ருசியாவின் லெவ் குலஷோவ் செய்ததாக வழிவழியாகச் சொல்லப்படும் சோதனை ஒன்று உண்டு. உணர்ச்சியே காட்டாத ஒரே முகம். அதன் அருகே ஒருமுறை உணவுத் தட்டை ஒட்டினார், ஒருமுறை சவப்பெட்டியை ஒட்டினார். பார்த்தோர் அந்த முகத்திலே பசியைக் கண்டார்களாம், துயரத்தைக் கண்டார்களாம்! முகம் மாறவில்லை, பக்கத்துப் படம்தான் மாறியது. இந்த வித்தை தெரிந்தவன் என்னதான் செய்யமாட்டான்? அரிவாளுக்கு அடுத்து ஆலய மணியை ஒட்டுகிறான். சாதிக் கொலை புனிதமாகிறது. படித்த பெண்ணின் கன்னத்திலே அறை விழுகிறது, அடுத்த காட்சியிலே அவள் நாணிச் சிரிக்கிறாள், அடி காதலாகிறது. கொட்டகையிலே கைதட்டுகிற பையன் இதை எங்கே கற்றுத் தெளிவான்? கணக்கு வகுப்பிலா?

பெரியார் சினிமாவை நாட்டைப் பிடித்த நோய்களுள் ஒன்றாக எண்ணினார். அவர் பெயரைச் சொல்லியே சிலர் இந்தப் பாடத்தை மறுக்கக்கூடும். நோய் என்றால், அதை ஆராயாமல் விடுவதா மருத்துவம்? அண்ணாவோ 1949இல் ‘வேலைக்காரி’யைத் திரைக்குத் தந்தார். 1952இல் கலைஞரின் உரையாடலோடு ‘பராசக்தி’ வந்தபோது, தடை செய் என்று கூக்குரலிட்டவர்கள் படத்தின் வலிமையை நன்றாக அறிந்தவர்கள். அண்ணா முதல் ஜெயலலிதா வரை, திரையோடு தொடர்புடைய ஐவர் முதலமைச்சராக வீற்றிருந்த நாடு இது! ஆயினும் அந்தக் கருவியைப் பகுத்துப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாம் கற்றுத்தரவில்லை. எதிரியைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தக் குற்றம் நம்முடையது. ‘பராசக்தி’யையும் மேசைமீது வைத்து மாணவன் அறுத்துப் பார்க்கட்டும். நம் படம் என்பதற்காக அது வேதமாகிவிடாது.

பிரிட்டனிலே பல்கலைக்கழகத்துக்கு முந்திய ‘ஏ லெவல்’ தேர்விலே திரைப்படம் தனிப் பாடம். பிரான்சிலே 1980களிலேயே மேல்நிலைப் பள்ளிக்குள் அது நுழைந்துவிட்டது. அவ்வளவு தொலைவு போவானேன்? பன்னாட்டுப் பாடத்திட்டமான ‘ஐ.பி.’ பட்டயத்திலே திரைப்படம் ஒரு பாடம். அந்தத் திட்டத்தை நடத்தும் பள்ளிகள் சென்னையிலும் உண்டு, கட்டணம் இலட்சங்களில்! ஆக, சீமான் வீட்டுப் பிள்ளைக்குச் சினிமா கல்வி. சேரியிலிருந்து வரும் பிள்ளைக்கு அது வெறும் கேளிக்கை. குலக்கல்வியை விரட்டிய மண்ணிலே இப்படியும் ஒரு பங்கீடு!

2022இல் அரசுப் பள்ளிகளிலே சிறார் திரைப்பட விழா தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம், மறுக்கவில்லை. ஆனால் படம் காட்டுவது வேறு, பாடம் நடத்துவது வேறு. மேல்நிலை இரண்டாண்டுகளுக்கு விருப்பப் பாடமாக்கி, ஆசிரியர்க்குப் பயிற்சி தந்து, ஒளியையும் ஒலியையும் வெட்டையும் ஒட்டையும் கற்பிக்க வேண்டும். முதல் போட்டவன் யார், இலாபம் யாருக்கு என்பதையும் கற்பிக்க வேண்டும். ஒன்று மட்டும் கூடாது: “கீசகவதம் எடுத்தவர் யார்? ஒரு மதிப்பெண்” என்று அதையும் மனப்பாடக் கிடங்கிலே தள்ளிவிடாதீர்கள். ஒரு காட்சியை ஓடவிட்டு, ‘இதை நம்பும்படி உன்னைச் செய்தது எது?’ என்று கேளுங்கள். விடைத்தாளிலே அவள் எழுதட்டும்.