காமிரா பெரிதாகிறது; ஆல்பம் காலியாகிறது!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. புனே நகரின் மேற்கே பாணேர் குன்று. உச்சியில் துகாய் தேவி கோவில். அடிவாரத்தில் ஒரு டீக்கடை. கடை வாசலில் பத்துப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு கனத்த பை. பைக்குள்ளே காமிரா, லென்ஸ், முக்காலி!

"உங்களுடையது எஃப் 4 தானே? கொஞ்சம் பொறுத்திருந்து 2.8 வாங்கியிருக்கலாமே!"

"இந்த மாடல் பழசாகிவிட்டது. தீபாவளிக்குள் புதுசு வருகிறதாம்."

"வந்ததும் இதைத் தள்ளிவிட்டு அதை வாங்கிவிட வேண்டியதுதான்!"

பேச்சு நீள்கிறது. டீ இரண்டாம் சுற்று வருகிறது. இளவெயில் ஏறி, உச்சி வெயிலின் வெள்ளை வந்துவிடுகிறது. படம் பிடிக்க ஏற்ற நேரம் போயே போய்விட்டது. லென்ஸின் மூடியைக் கழற்றியவர் இரண்டு பேர்தான்!

பாணேர் ஒரு காலத்தில் வயலும் குன்றுமாக இருந்த கிராமம். 1997-ல் புனே மாநகராட்சியோடு சேர்ந்தது. ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் நிறுவனங்கள் வந்த பிறகு அடுக்குமாடிகள் எழுந்தன. கை நிறையச் சம்பளம் வாங்கும் இளைஞர்கள் குடியேறினார்கள். அவர்களில் நம்மவர் பிள்ளைகளும் உண்டு. தகப்பனார் கட்கி தொழிற்சாலையிலோ, ரயில்வேயிலோ, ராணுவ அலுவலகத்தில் குமாஸ்தாவாகவோ உழைத்துப் படிக்க வைத்த பிள்ளைகள்.

அவர்கள் காமிரா வாங்குவதில் தவறு என்ன? தவறே இல்லை. தகப்பன் தலைமுறைக்குக் கிட்டாத பொருள் மகன் கைக்கு வந்தால் மகிழவேண்டியதுதான். ஆனால் வாங்கிய காமிரா எதைப் பார்க்கிறது என்பதே கேள்வி.

பாஸ் போட்டோவே படமானது!

ஒரு குடும்பத்தில் நடந்தது இது. தகப்பனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புனேவுக்கு வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். மகனுக்குப் பாணேர் பக்கம் வேலை. அவனுக்குப் பறவைகளைப் படம் பிடிப்பதில் பைத்தியம். குளிர்காலம் வந்தால் சனிக்கிழமை இரவே பீக்வான் புறப்பட்டுவிடுவான்.

சோலாப்பூர் வழியாகச் சென்னைக்கு ரயிலில் போகிறவர்களுக்குப் பீக்வான் தெரிந்திருக்கும். தவுண்ட் தாண்டி வரும் சிறிய ஸ்டேஷன். பீமா நதியின் உஜனி அணையில் தேங்கும் தண்ணீர் அதுவரை பரந்து கிடக்கிறது. பூநாரைகள் கூட்டம் கூட்டமாக அங்கே வந்து இறங்குகின்றன. அவற்றைப் படம் பிடிக்கவே மகன் ஒரு நீண்ட லென்ஸ் வாங்கினான். இருபத்து நான்கு மாதத் தவணை!

தவணை முடியுமுன் ஒருநாள் தகப்பனார் மாரடைப்பில் காலமானார். மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டுமே! வீடு முழுவதும் தேடினார்கள். கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்று இருந்தது; அதில் அவருக்கு வயது இருபத்தாறு. பேரப்பிள்ளை பிறந்தநாளில் செல்போனில் எடுத்த படத்தில் பாதி முகம்தான் இருந்தது. கடைசியில் தொழிற்சாலை பாஸில் ஒட்டியிருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள்.

மகனிடம் பூநாரைப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. "நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்" என்று நினைக்காதவர் யார்? ஆனால் பறவை அடுத்த குளிர்காலத்திலும் வரும். தகப்பன் வருவாரா?

லென்ஸ் வியாபாரம்

புதிய லென்ஸ் மேல் ஆசை தானாக வருவதில்லை. அதற்கு ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது. 1987-ல் கேனன் நிறுவனம் காமிராவில் லென்ஸ் மாட்டும் வாயின் அமைப்பையே மாற்றியது. அதுவரை வாங்கி வைத்திருந்த லென்ஸ்கள் புதிய காமிராவுக்குப் பொருந்தவில்லை. 2018-ல் உள்ளே கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' காமிராக்களுக்காக, கேனன், நிக்கான் இரண்டுமே புதிய வாயைக் கொண்டுவந்தன. 1959 முதல் ஒரே வாயை வைத்திருந்த நிறுவனம் நிக்கான்! பழைய லென்ஸை மாட்ட இடையில் ஒரு வளையம் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் புதியதைக் கண்ட மனம் பழையதோடு நிற்குமா?

தொழில்நுட்பக் காரணம் இல்லாமல் இல்லை. படங்கள் மேலும் கூர்மையாக வருகின்றன. பறவையின் கண்ணைக் காமிராவே தேடிப் பிடிக்கிறது. ஆனால் முந்தைய காமிராவில் எடுத்த படம் நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது? இன்று காலை அது எப்படிக் கெட்டுப்போகும்?

எஃப் 4-க்கும் எஃப் 2.8-க்கும் என்ன வித்தியாசம்? பின்னது இரண்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்; பின்னணி கொஞ்சம் கூடுதலாக மங்கும். இதற்காக விலை பெரிதாக ஏறுகிறது. ஐ.எஸ்.ஓ. எண்ணை 800-லிருந்து 1600 ஆக்கினால் அந்த வெளிச்சக் குறை சரியாகிவிடும். படத்தில் சிறிது புள்ளி தட்டலாம். அதுவும் வேண்டாமா? அப்பாவை எழுப்பி, ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அதைவிட அதிக வெளிச்சம் கிடைக்கும். அதற்குத் தவணை கிடையாது!

படம் பிடிப்பதே பிழைப்பாக உள்ளவர்கள் விஷயம் வேறு. மங்கலான மண்டபத்தில் தாலி கட்டும் நொடியைத் தவறவிட்டால் அவர்கள் பிழைப்பே போய்விடும். அவர்களுக்கு நல்ல லென்ஸ் என்பது தச்சனுக்கு உளி மாதிரி. இங்கே பேச்சு, மாதச் சம்பளத்தில் பொழுதுபோக்குக்காகக் கடன் வாங்குகிறவர்களைப் பற்றியது.

சாதித்தவர்கள் கையில் இருந்தது என்ன?

வனவிலங்குகளைப் படம் பிடித்த தமிழர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். 1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒப்பேற்றிய ஒரு காமிராவால் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தார். அந்தக் காமிராவுக்குச் செல்லப்பெயர்கூட வைத்திருந்தார்! 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் மறையும்வரை இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். அவர் காட்டைத் தெரிந்துகொண்டார். காமிரா அவர் சொன்னபடி கேட்டது.

அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். புனேயிலேயே ஓர் உதாரணம் உண்டு. பாணேரிலிருந்து சில மைல் தூரத்தில், பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில், 1960-ல் தொடங்கப்பட்டது திரைப்படக் கல்லூரி. மட்டக்களப்புப் பக்கத்தில் பிறந்த பாலு மகேந்திரா அங்கே ஒளிப்பதிவு படித்து, 1969-ல் தங்கப்பதக்கத்தோடு வெளியே வந்தார். இயற்கை வெளிச்சத்தை நம்பியே பேர் வாங்கினார். 'மூன்றாம் பிறை' 1982-ல் வெளிவந்தது. ஊட்டிப் பக்கம் கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்த அந்தக் கடைசிக் காட்சியை மறந்தவர் உண்டா? அந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது. என்ன லென்ஸ் போட்டார் என்று யாரும் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

பன்னிரண்டே படம்!

நம்மவர் வீடுகளில் பழைய ஆல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக்-3 காமிராவில் எடுத்த சதுரப் படங்கள் பல இருக்கும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். ஊட்டியில் 1967 முதல் தயாரான 'இந்து' பிலிமும் பலர் கைக்கு வந்தது. அந்தத் தொழிற்சாலை இன்று இயங்கவில்லை.

பன்னிரண்டே படம் என்பதால் யாரை எடுப்பது என்று வீட்டில் யோசித்தார்கள். ஊரிலிருந்து வந்த பாட்டி, புதிதாக வாங்கிய சைக்கிள், குவார்ட்டர்ஸ் வாசலில் பொங்கல் பானை - இவைதான் படமாயின. இன்று அவற்றைப் பார்த்தால் ஒரு தலைமுறை புனேயில் எப்படி வாழ்ந்தது என்று தெரிகிறது. நாளைய பேரப்பிள்ளை பார்க்க இன்றைய படம் எங்கே இருக்கிறது? பழுதான செல்போனிலும், திறக்காத ஹார்டு டிஸ்கிலும்!

செய்யவேண்டியது என்ன?

பீக்வானுக்கு ஆண்டில் நாலு தடவை போகிறவர் நீண்ட லென்ஸை வாடகைக்கு எடுக்கலாம். புனேயில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. வாங்கியே தீரவேண்டுமென்றால் பழைய லென்ஸ் வாங்கலாம். வாங்குமுன் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். புனே மழைக்காலத்து ஈரத்தில் பூட்டிவைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். எடுத்துப் புழங்கும் லென்ஸில் அந்தப் பயம் குறைவு.

மிச்சப்படும் பணத்தில் ஒரு பகுதியை அச்சுப் படத்துக்குச் செலவிடலாம். பின்புறம் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் பென்சிலால் எழுதிவைக்கவேண்டும். பெயரில்லாத படம் ஐம்பது ஆண்டுக்குப் பின் அநாதை.

எல்லாவற்றுக்கும் மேலாக, காமிராவை நம்மவர் பக்கம் திருப்பவேண்டும். கட்கியிலும் கோர்பாடியிலும் ராஸ்தா பேட்டையிலும், பிழைப்பு தேடி வந்த முதல் தலைமுறைப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த ஆண்டு, எந்த ரயிலில், கையில் என்ன பெட்டியோடு வந்து இறங்கினோம் என்று சொல்ல அவர்களுக்கு ஆசை. கேட்பாரில்லை. பழைய குவார்ட்டர்ஸ்களை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். படம் எடுக்காமல் விட்டால் இரண்டும் போய்விடும்.

பாணேர் டீக்கடை நண்பர்கள் அடுத்த ஞாயிறும் கூடட்டும். லென்ஸ் பேச்சும் நடக்கட்டும். அதை அரைமணி நேரத்தோடு முடித்துக்கொண்டு, இருக்கிற காமிராவோடு ஆளுக்கொரு பெரியவர் வீட்டுக்குப் போகட்டும். அந்தப் பெரியவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வர ஐந்து நிமிஷம் கேட்பார். காத்திருக்கலாம்!