‘நாம்’ என்னும் சொல்

மாணவர்களே! பொருளை எறிந்துவிட்டுப் போவதை ஈகை என்று யான் கொள்ளேன். கிறித்தவ அடியார் கண்ட ஈகைக்குத் தாழ்மையே உயிர். பெல்ஜிய நாட்டில் 1840-இல் பிறந்த தமியான் அடிகளார், 1873-ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய மொலக்காய்க்குச் சென்றார். தொழுநோயாளரை அரசு அங்கே ஒதுக்கி வைத்திருந்தது. அடிகளார் அவர்தம் புண்களைக் கழுவினார், குடில் அமைத்தார், இறந்தோர்க்குப் பெட்டி செய்து, குழியும் தோண்டினார், அவர்கள் உண்ட கலத்திலேயே தாமும் உண்டார். இஃது அறிவுடைமையோ என மருத்துவர் வினவக்கூடும். ஆயினும், உடன் உண்ணக் கூசுபவன் இடும் சோறு அவர்கள் தொண்டையில் இறங்கியிராது. மறையுரை ஆற்றுங்கால், நோயுற்றோரைத் தம்மோடு சேர்த்து ‘நாம்’ என்றே கூறினார். நம் இலக்கணம் இதனை உளப்பாட்டுத் தன்மை என்னும். அன்று அவர் நோயற்றவர். பல்லாண்டு கழித்தே அந்நோய் அவரிடம் வெளிப்பட்டது. 1889-இல், அவர்களுள் ஒருவராகவே உயிர் நீத்தார்.