கடை இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள்

புறக்கோட்டையில் நான் கடை தொடங்கிய காலத்தில், சரக்கெடுக்கப் பையனை அனுப்பினேன். கடையின் பெயரை மட்டும் சொன்னேன். அதே பெயரில் இன்னொரு கடையும் இருந்தது. பணம் போனது; வந்ததோ வேறு சரக்கு. பிழை பையனுடையதல்ல, என்னுடையது.

புளொக்செயின் சொத்துக்களிலும் இதே கதைதான். எதிரியம் வலையமைப்பில் எவரும் எந்தப் பெயரிலும் டோக்கன் வெளியிடலாம். பெயரும் குறியீடும் ஒன்றாகவே இருக்கும். 42 எழுத்துக்கள் கொண்ட ஒப்பந்த முகவரி மட்டுமே வேறுபடும்.

இப்போது இவற்றைத் தேடும் வேலை செயற்கை நுண்ணறிவு முகவர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. தேடும் கருவிக்கு எழுதப்பட்ட விளக்கக் குறிப்பை வாசித்தே அந்த முகவர் நடக்கிறது. குறிப்பில் இல்லாததை ஊகித்துக்கொள்ளும். எதிரியத்தில் யூஎஸ்டிசி 6 தசம இடங்களில் கணக்கிடப்படுகிறது. பெரும்பாலான டோக்கன்களுக்கு 18. இதை எழுதாமல் விட்டால் கணக்கு என்னவாகும்?

எந்த வலையமைப்பு, எந்த முகவரி, எத்தனை தசமம், ஒரே பெயரில் பல கிடைத்தால் யாரிடம் கேட்பது? இந்த நான்கையும் எழுதாத கருவியை நம்பிப் பணத்தை விடாதீர்கள். புளொக்செயினில் அனுப்பிய பணத்தைத் திருப்பியெடுக்க வங்கி முகாமையாளர் எவரும் இல்லை. குறிப்பு எழுதியவர் விட்ட பிழைக்கு நட்டப்படுபவர் பணம் போட்டவரே.